ஓடுகிற தீ

தூபக்காலில் கனல் அவிந்து சாம்பல் பூத்த பிறகும், கூடத்து மூலையில் கிடந்த சாக்குக்குள் ஏதோ வெடித்துக்கொண்டிருந்தது. பெரிய சத்தமில்லை; நகத்தால் பலகையைத் தட்டினாற்போல ஒரு டக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மழை விட்ட சாயங்காலம், ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீராக்கும் என்றுதான் சாவித்ரி முதலில் நினைத்தாள்.

சாக்கில் இருந்தவை பைன் காய்கள். காட்டிலாகாவில் வேலை பார்க்கும் அவள் கணவன் சேஷன், பீருமேட்டு மலையில் விதைத்துப் பார்க்கக் கப்பலில் வந்தவற்றை, ஆபீஸ் கூரை ஒழுகுகிறதென்று கிழக்கேகோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். செதில் செதிலாகப் பிசினால் ஒட்டிக்கிடந்த, கல் போன்ற காய்கள். காட்டுத்தீ பட்டாலொழிய வாய் திறக்காதாம்.

"மேலோட ஓடற தீன்னா பிசின் உருகிக் காய் திறக்கும், விதைக்கு ஒண்ணும் ஆகாது, கேட்டியோ. தாய் மரம் பிழைக்காது. அந்தச் சாம்பல்லதான் குட்டியெல்லாம் நெருக்கமா முளைக்கும்" என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான்.

"பெத்தவ எரிஞ்சாத்தான் பிள்ளைக்கு இடமா? நன்னாருக்கு உங்க காட்டு நியாயம். ரசம் விடட்டுமா?"

இன்று கைக்குழந்தை விஜயத்தைக் குளிப்பாட்டிய பிறகுதான் சாம்பிராணி தீர்ந்திருப்பதைப் பார்த்தாள். முதல் பிள்ளையை ஈரத்தலையோடு வந்த ஜன்னியில் பறிகொடுத்தவள்; தலைக்குத் தூபம் காட்டாமல் விட மனம் வரவில்லை. காயின் பிசின் சாம்பிராணி போலவே மணந்தது. ஒன்றை எடுத்துக் கனலில் போட்டுக் குனிந்து ஊதினாள். குப்பென்று ஒரு ஜ்வாலை அவள் முகத்தின் மேலாக உத்தரம் வரை எழுந்து, மறுகணமே அடங்கிவிட்டது. தொட்டிலில் குழந்தை அயர்ந்து தூங்கியது. ஒன்றும் ஆகவில்லை.

டக்.

தீ எங்கே இருக்கிறது? அடுப்படியைப் பார்த்தாள். அடுப்பு தணிந்துதான் கிடந்தது. குத்துவிளக்கு இன்னும் ஏற்றவில்லை. சாக்கைத் தாழ்வாரத்துக்கு இழுக்கக் கை வைத்தாள். உள்ளே படபடவென்று வெடித்தது. கையை எடுத்தாள். நின்றது. மறுபடி வைத்தாள். படபட.

சாக்கின் வாயிலிருந்து மெல்லிய சிறகு முளைத்த விதைகள் சுழன்று எழுந்தன.

பின்சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுச் சூடாமணி கூப்பிட்டாள். "சாவித்ரி, அடுப்பில என்னத்தைடி மறந்தே? முடி கருகற நாத்தம் வரதே."

"ஒண்ணுமில்லை மாமி" என்றாள்.

"சாவித்ரி? ஆத்தில இருக்கியோ?"

இன்னும் உரக்கச் சொன்னாள். சூடாமணி மறுபடியும் கூப்பிட்டாள்.

தொட்டிலில் சிணுங்கல். ஓடினாள். ஜுரமோ? குனிந்தாள். குழந்தையின் மூச்சு கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. நெற்றியில் சாம்பல்நிறத் துகள் ஒன்று விழுந்தது. இன்னொன்று. துடைக்கக் கையை நீட்டினாள்.

விரல்கள் இல்லை.

மணிக்கட்டிலிருந்து சத்தமில்லாமல் சாம்பல் உதிர்ந்தது. கீழே விஜயம் கண் விழித்து, பொக்கை வாயைத் திறந்து, பாலைப் போல அதைச் சப்புக்கொட்டி விழுங்கியது.