பக்கத்துப் பாயில் படுத்தவன்

இரண்டு ஷிப்ட் சேர்த்துத் தறியில் நின்றதில் செல்வக்குமாருக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல இருந்தது. மதியத்துக்கு மேல் ஷெட்டை விட்டு வெளியே வந்தவன் தூங்கப் போகவில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு, வக்கீல் ஷிரின் பானுவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் பைக்கை ஓட்டினான். காதுக்குள் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ரோட்டை விட்டு உள்ளே, பருத்திக் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் பஞ்சு ஆலை. பிறகு கொஞ்ச வருடம், போலீஸ் பிடித்த சிறுவர்களை அடைத்து வைத்த இல்லம். இப்போது பூட்டிக் கிடந்தது. சீக்கிரமே இடித்து பிளாட் போடப்போகிறார்கள். அதற்குள் செல்வக்குமார் இடத்தை அடையாளம் காட்டினால் போட்டோ எடுத்துப் புகாரோடு சேர்க்கலாம் என்று ஷிரின் பானு சொல்லியிருந்தார்.

புகாரில் அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கிணற்று மோட்டாரில் செம்புக் கம்பி திருடினான் என்று பிடித்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வயது பதிமூன்று. இங்கே வார்டன் தனக்குச் செய்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி யோகலட்சுமிக்கு அவன் இங்கே இருந்ததே தெரியாது.

வாசலில் சாவியோடு வாட்ச்மேன் சண்முகையா நின்றார். இல்லம் நடந்த காலத்தில் அவர்தான் சமையல்.

"இங்கன சோறு தின்ன பயதானல நீ? நல்லா வளந்துட்டியே. அந்தச் சோத்துல என்னமோ சத்து இருந்திருக்கு."

"புழு இருந்துச்சு அண்ணாச்சி."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "வக்கீலம்மா, இருட்டுக்கு முந்தி வெளிய வந்துருங்க. நான் உள்ள வரல. எனக்கு வாசலுக்குத்தான் சம்பளம்."

உள்ளே நீளமான கூடம். உயரத்தில் இருந்த சின்னத் திறப்புகள் வழியாக மட்டும் வெளிச்சம். மக்கிய பஞ்சு நாற்றமும் வவ்வால் எச்சத்தின் நாற்றமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டின. கூடத்தின் கோடியில் வார்டனின் உள்ளறைக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இத்தனை வருசம் கழிச்சுக் குடுத்தா செல்லுமா மேடம்?"

"போக்சோ கேசுக்குக் கால வரம்பு கிடையாது தம்பி. பிள்ளையில நடந்ததை வளந்தபிறகும் குடுக்கலாம். மாஜிஸ்ட்ரேட் முன்னால தனியாச் சொல்லுவ. பேப்பர்ல உன் பேரு வராது. நஷ்டஈடும் கேக்கலாம்."

"நான் திருட்டுக் கேசுல வந்தவம்லா?"

"அது உன்மேல நிக்காது. சின்னப்பிள்ளைக் கேசு, ரெக்கார்டையே அழிச்சிரணும்னு சட்டம். இப்ப அதுவே நமக்கு இடைஞ்சலா நிக்கி. நீ இங்கன இருந்ததுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்ல. கூட இருந்தவன் ஒருத்தன் வந்து சொன்னாப் பலம். உன் பக்கத்துல யாரு படுத்தா?"

"ராயகிரி."

"ஊரைக் கேக்கல. பேரு?"

"தெரியாது மேடம். எல்லாரையும் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நான் சங்கரங்கோயில். சொந்தப் பேரு வெளிய தெரிஞ்சா வீட்டு மானம் போகும், அக்கா தங்கச்சிக்கு மாப்பிள்ளை வரமாட்டான்னு வார்டன் சொல்லுவான். நம்பிட்டோம். எங்களுக்குள்ளயே சொல்லிக்கிடல."

அவன் தரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனான். ராத்திரி படுக்கும்போது அவனும் ராயகிரியும் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து நூல் கட்டிக்கொள்வார்களாம். தறிக்கார வீட்டுப் பிள்ளை என்பதால் முடிச்சுப் போடுவது இவன் வேலை. வார்டன் ஒருவனை எழுப்பினால் நூல் இழுக்கும். உடனே மற்றவன் வயிற்று வலி என்று கத்தவேண்டும். கூடமே விழித்துக்கொள்ளும். வார்டன் திரும்பிப் போய்விடுவான்.

"ஒருநாள் எனக்கு நல்ல காய்ச்சல். வாய் தொறக்க முடியல. 'சங்கரங்கோயில்'னு கூப்பிட்டான். ராயகிரி நூலை அவுத்துட்டு, என்னை மாதிரியே 'வாரேன் சார்'னு சொல்லி எந்திரிச்சுப் போனான். விடிஞ்சு கேட்டா, சுவரேறி ஓடிட்டான்னாங்க. அவனுக்கு ஒரு கால் விளங்காது மேடம். அவன் எந்தச் சுவரை ஏற?"

ஷிரின் பானு போனை எடுத்தார். "படுத்த இடத்தைக் காட்டு தம்பி. எடுத்துக்கிடுதேன்."

அவன் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் படுத்துக் காட்டினான். குளிர்ந்த தரை பட்டதும் இடுப்பு வலி இறங்கியது. வெளியே மேகம் மூடியிருக்க வேண்டும். கூடம் இருண்டுகொண்டே வந்தது.

காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது.

அந்த உள்ளறையின் பழைய பினாயில் வாசம் வந்தது.

உள்ளறைப் பக்கமிருந்து ஒரு குரல். அவசரமே இல்லாத குரல்.

"ஏலே, சங்கரங்கோயில்."

அவன் கை கால் அசையவில்லை. கட்டைவிரலில் ஏதோ நெகிழ்ந்தது. யாரோ பொறுமையாக, வலிக்காமல், முடிச்சை அவிழ்த்தார்கள்.

பக்கத்தில் ஒரு பாய் சரசரத்தது.

"வாரேன் சார்."

அது பதிமூன்று வயது செல்வக்குமாரின் குரல். ஆனால் சொன்னது அவன் இல்லை.

ஒரு கால் பதிந்தது. ஒரு கால் இழுபட்டது. பதிந்தது. இழுபட்டது.

"யா அல்லாஹ்," ஷிரின் பானுவின் குரல் கிசுகிசுத்தது. "தம்பி... உள்ள போற பிள்ளை யாரு?"

அவன் எழுந்து ஓடினான். உள்ளறைக் கதவில் தாழ் போட்டது போட்டபடி இருந்தது. இரண்டு கையாலும் கதவை அறைந்தான்.

"ஏலே ராயகிரி! போதும்ல! என்னைத்தாம்ல கூப்பிடுதான், நீ போகாத! நான் சொல்லுதேன். எல்லாத்தையும் சொல்லுதேன். நீ வெளிய வா மக்கா!"

உள்ளே, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

தாழை நீக்கித் திறந்தார்கள். வெறும் அறை. தரையில் தூசி கலையாமல் கிடந்தது.

புகாரில் அவன் ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். சண்முகையா பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "கேட்டுட்டியாக்கும்," என்றார். "பொழுது சாஞ்சா தினம் கூப்பிடும். தினம் ஒருத்தன் போவான்."

"அன்னைக்கும் உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணாச்சி?"

பூட்டு ஏற்கெனவே பூட்டியிருந்தது. அவர் அதையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் யோகலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "தெரிஞ்சா விட்டுட்டுப் போயிருவேன்னு நினைச்சியாக்கும்? பெரிய மாப்பிள்ளைதான்," என்றாள். "கோர்ட்டுக்குப் போட்டுட்டுப் போற சட்டையை எடு. தேய்க்கணும்."

எப்.ஐ.ஆர். போட்டார்கள். வார்டனைப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் அவன் ஜாமீனில் வெளியே வந்து கடைத்தெருவில் நடந்தான். கட்டடத்தை இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் முன்னால் செல்வக்குமார் ஒன்றையும் விடாமல் சொன்னான். மாஜிஸ்ட்ரேட் அம்மா நடுவில் ஒரே ஒரு தடவை நிறுத்தினார்.

"அந்த இன்னொரு பையன் பேர் என்ன?"

"ராயகிரி" என்று ஊரைத்தான் அவனால் சொல்ல முடிந்தது. 

பெயர் தெரியாமல் அவனைத் தேடமுடியாது, காணவில்லை என்று ஒரு மனுகூடப் போடமுடியாது என்று போலீசில் கையை விரித்தார்கள். தானே ராயகிரிக்குப் போய்க் கேட்பது என்று கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் நல்ல வெயில். சிமெண்டு பெஞ்சில் அவன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான்.

"ராயகிரி, ராயகிரி, சிவகிரி!" கண்டக்டர் கூவினார்.

பெஞ்சில் அவனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பாரம் எழுந்தது.

கண்டக்டர் கூவுவதை நிறுத்திவிட்டுப் படியிலிருந்து ஒதுங்கினார். காலியான படியைப் பார்த்துக் கையை நீட்டினார். "மெல்ல ஏறு மக்கா, ஒண்ணும் அவசரமில்ல. கம்பியைப் பிடி."

செல்வக்குமார் பின்னாலேயே ஏறினான்.

ராயகிரியில் தெருத் தெருவாக, வீடு வீடாகக் கேட்டான். கால் விளங்காத பிள்ளையைத் தொலைத்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கதவை மூடிக்கொண்டார்கள். சில வீட்டில் கல்யாண வயதில் பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

தனக்குப் பதிலாக எழுந்து போனவனுக்கு அவன் சொந்தப் பெயரைத் தேடிக் கொடுப்பது செல்வக்குமாருக்கு இன்னும் பாக்கி.