உள்ளே ஆள் இருக்கா?

எலக்ட்ரீஷியன் ஞானதாஸ் வண்டியை நிறுத்தியபோது தோல் பதனிடும் ஷாப்பில் கரண்ட் இல்லை. 2008-ல் திண்டுக்கல்லில் மதியம் கரண்ட் இருந்தால்தான் அதிசயம். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த நாற்றம் வாசலிலேயே அடித்தது. தோல் ஊறவைக்கும் டிரம்மைக் கழுவுகிற காத்தமுத்து செத்த நாளிலிருந்து வேலையாட்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

“பெட்டியக் கழத்துறா,” என்றார் முதலாளி அந்தோணிராஜ். “நாளைக்குப் போலீஸ் வருது. இங்க செல்போன் ஸ்டார்ட்டரே கெடையாதுன்னு சொல்லிரு. அவன் குடிச்சுட்டு, அவனே சுவிட்சப் போட்டுட்டு டிரம்முக்குள்ள ஏறுனான். அம்புட்டுத்தான்.”

சுற்றுகிற டிரம்முக்குள் எந்தக் குடிகாரன் ஏறுவான்? ஞானதாஸ் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பெட்டியை மாட்டியவனே அவன்தான். பயம் அவனுக்கும் இருந்தது.

கன்னிவாடிப் பக்கம் கிணற்று மோட்டார்களுக்கு மாட்டுகிற அதே பெட்டி. போன் டவரைக் கூப்பிடும், டவர் பெட்டிக்குள் இருக்கிற சிம்மைக் கூப்பிடும், சிம் சொன்னால் மோட்டார் ஓடும். ஓடியதும் பெட்டி திரும்ப ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். ஒவ்வொரு படியிலும் ‘கேட்டாச்சு’ என்று பதில் வந்தால்தான் அடுத்த படி. இத்தனை சாமர்த்தியத்திலும் ஒன்று விட்டுப்போனது. தோல் ஷாப்பில் டிரம்மை ஓட்டும் முன் வெளியிலிருந்து பலகையைத் தட்டுவார்கள். உள்ளே கழுவுகிற ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்டுவான். பதில் இல்லாவிட்டால்தான் சுவிட்ச்.

போனுக்குத் தட்டத் தெரியாது.

அன்று அந்தோணிராஜ் வத்தலக்குண்டில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடி பட்டனை அமுக்கினார். காத்தமுத்து டிரம்முக்குள் இருந்தான். வீட்டு உயரத்துக்கு மரப்பீப்பாய், உள்சுவர் முழுக்க மரமுளைகள். கதவைத் திறந்தபோது தோல் எது, காத்தமுத்து எது என்று பிரித்துச் சொல்ல அவன் பொண்டாட்டி பேச்சாயியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

ஞானதாஸ் சிம்மை உருவிச் சட்டைப்பையில் போட்டான். ஃபியூஸைப் பிடுங்கினான். பெட்டியைக் கழற்றிச் சாக்கில் கட்டினான்.

தட்.

டிரம்முக்குள்ளிருந்து.

“எலிடா,” என்றார் அந்தோணிராஜ்.

ஞானதாஸ் பலகையில் விரலை மடக்கித் தட்டினான். கை தானாகச் செய்தது.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

“அண்ணே, திறக்காதீங்க,” என்றான் ஞானதாஸ்.

“எவன்டா அவன், என் எடத்துல?” அந்தோணிராஜ் கதவைத் தள்ளித் தலையை உள்ளே நீட்டினார்.

சுண்ணாம்பில் வெந்த ஒரு கை. நகங்கள் இல்லை. அது அவர் முடியைக் கொத்தாகப் பிடித்தது.

தோள் சிக்கியது. எலும்பு நொறுங்க அது இழுத்தது. செருப்பு மட்டும் வெளியே விழுந்தது. கதவு அறைந்து மூடிக்கொள்ள, டிரம் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

கரண்ட் இல்லை. பெட்டி சாக்கில் கிடந்தது.

“ஞானம்! நிறுத்துறா! ஏலே!”

உள்ளே முதலாளி தட்டினார். இரண்டு கையாலும் தட்டினார். ஞானதாஸ் டிரம்மைக் கட்டிப்பிடித்து நிறுத்தப் பார்த்தான். ஓடுகிற பலகை உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. அலறல் ஒவ்வொரு சுற்றிலும் மேலேறி, கீழே விழுந்து, பிறகு வெறும் சதை மோதுகிற சத்தமானது. பலகை இடுக்குகளில் ரத்தம் பீய்ச்சி அவன் முகத்தில் அடித்தது.

டிரம் நின்றது.

அவன் போன் ஒருமுறை அடித்து நின்றது. மிஸ்டு கால், பெட்டியின் நம்பரிலிருந்து. அந்தச் சிம் அவன் சட்டைப்பையில் இருந்தது.

போலீசிடம் ஞானதாஸ் எதையும் மறைக்கவில்லை. காத்தமுத்து விஷயத்தை எழுதிக்கொண்டார்கள், மற்றதைக் கேட்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சிம்மை உடைத்துக் கிணற்றில் போட்டான். உண்மையைச் சொல்லியாயிற்று, இனி விட்டுவிடும் என்று நம்பினான்.

மழைக்காலத்தில் ஒருநாள் கன்னிவாடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பஸ் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

ஞானதாஸ் பதறிப்போய், தழும்பேறிய கையால் பதிலுக்குத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

“என்னண்ணே, எறங்கணுமா?” என்றார் கண்டக்டர்.

“இல்லப்பா. உள்ள ஆள் இருக்குன்னு சொல்றேன்.”

கண்டக்டர் சிரித்தார். காத்தமுத்துவும் அன்றைக்கு உள்ளிருந்து தட்டிக்கொண்டேதான் இருந்திருப்பான் என்பது ஞானதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

சட்டைப்பையில் போன் ஒருமுறை அடித்து நின்றது. பெட்டியின் நம்பர்.