நாற்பத்தொன்றாம் முத்திரை

மின்சாரத்தைத் துண்டித்து மூன்று நாளாகிவிட்டது. ஆனாலும் அந்த நீளக் கொட்டகையின் கடைக்கோடியில் யாரோ ஒரு காரின் கதவைச் சாத்துவது லுட்விக்கின் காதில் விழுந்தது.

அவர் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். கார் கம்பெனியை மூடியாயிற்று. முத்திரையை ஒப்படைத்துவிட்டு, நாலு மணிக்கு மகள் இரெனா வந்ததும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். டெட்ராய்ட் பனிக்காற்று கூரைத் தகரத்தை ஆட்டியது. உள்ளே காய்ந்த பெயின்டும் பழைய கிரீசும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. இருபத்தாறு வருஷம் நின்ற கால்கள் கடுத்தன.

“ஹோராஸ்! உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“உன்னையும் எலியையும் விட்டா யாரிருக்கா?” வாசலிலிருந்து காவலாளி ஹோராஸின் குரல் வந்தது. “அந்த எலியும் நேத்தே மூட்டையக் கட்டிருச்சுப்பா. யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு பீத்திட்டிருந்தாங்க. இப்ப பாரு, எலி மட்டம்கூட இல்ல!”

லுட்விக் மறுபடி அலமாரிப் பக்கம் திரும்பினார்.

கார்களை வரிசையாக இழுத்துவரும் நகரும் சங்கிலியின் கடைசியில் நிற்பதுதான் அவர் வேலை. ஒவ்வொரு காரோடும் கூடவே நடந்து, நாலு கதவையும் சாத்திச் சாத்திக் காது கொடுத்துக் கேட்பார். கனமாக, ஒரே சத்தமாக விழுந்தால் கதவு வந்து பூட்டும் தூணில் நாற்பத்தொன்று என்ற தன் எண் முத்திரையைச் சுத்தியலால் குத்துவார். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். நம்ம காரின் கதவு சாத்துகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வயிறு எரிய வேண்டும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். நீதிபதிகளும் நடிகைகளும் வரிசையில் காத்திருந்து வாங்கிய கார்.

பிறகு எல்லாம் சரிந்தது. மூன்று மாடித் தொழிற்சாலையை விட்டு இந்த வாடகைக் கொட்டகைக்கு வந்தார்கள். போன குளிர்காலத்தில் பாதிக் கார்கள் கோணல் பூட்டோடுதான் வந்தன. அவர் திருப்பி அனுப்பினார். மேஸ்திரி டிரம்மண்ட் பாய்ந்து வந்தான்.

“யோவ் லுட்விக், நீ இப்படிச் சாத்திச் சாத்திக் கேட்டுட்டிரு, அவங்க கம்பெனியவே சாத்திருவாங்க. குத்து, அனுப்பு!”

ஒரு வாரம் சண்டை போட்டார். அப்புறம் அலுத்துவிட்டது. கை தன்பாட்டுக்குக் குத்தியது. காது எங்கோ போய்விட்டது.

டப்.

மறுபடியும் அந்தச் சத்தம். டப். டப். மூன்றும் கனமான, நல்ல சத்தம். நெஞ்சு நாலாவதற்குக் காத்திருந்தது.

டக்... லொடக்.

பூட்டில் விழாத கதவு. இந்தச் சத்தத்தை இன்று காலையிலேயே கேட்டிருந்தார்.

அவருடைய சொந்தக் காரில். போன வசந்தத்தில் கம்பெனி தொழிலாளிகளுக்கு மலிவாகக் கொடுத்த சாம்பல் நிறக் கார் அது. தூணில் தன் எண்ணைப் பார்த்ததுமே வாங்கிவிட்டார். என் முத்திரை இருக்கிற காரில் நான் என்னத்தைச் சோதிப்பது என்ற பெருமை. அதை எந்த மாதத்தில் குத்தினோம் என்று யோசிக்கவே இல்லை. இன்று காலை இரெனா அவரை இங்கே இறக்கிவிட்டாள். ஐந்து வயதுப் பேரன் டாடெக், பின் சீட்டில் வலப்பக்கக் கதவில் சாய்ந்து, ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் நிலா வரைந்துகொண்டிருந்தான். அந்தக் கதவைச் சாத்தியது லுட்விக்தான்.

“அப்பா, இன்னொரு தடவ சாத்துங்க. சரியா விழல போல.”

“என் முத்திரைம்மா. அதெல்லாம் விழுந்திருக்கும். பனியில அப்படித்தான் கேக்கும். நீ கிளம்பு, டொலீடோ போயிட்டுத் திரும்பணும், ரொம்ப தூரம்.”

பாவி, கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேனே!

டொலீடோவுக்குப் போன் செய்து எச்சரிக்கலாம் என்று அலுவலக அறைக்கு ஓடினார். கம்பியை அறுத்திருந்தார்கள். கொட்டகையின் கோடியில் மறுபடி லொடக். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. சங்கிலி.

சங்கிலி நகர்ந்துகொண்டிருந்தது.

கரண்ட் இல்லை. ஆள் இல்லை. இருட்டிலிருந்து கார் வந்தது, பழைய வேகத்தில், ஆள் கூடவே நடக்கிற வேகத்தில். சாம்பல் நிறம். கூரையில் பனி, இன்னும் உருகாமல். ஓட்டும் இடம் காலி. பின்னால் வலப்பக்கக் கதவு மெல்லத் திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது.

லொடக்.

அவர் ஓடிப்போய்ச் சாத்தினார். விழவில்லை. இன்னொரு தடவை. விழவில்லை. தூணில் நாற்பத்தொன்று. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு காரோடு நடந்தார். உலோகம் கையைச் சுட்டது, அவ்வளவு குளிர். உள்ளே யாரும் இல்லை. ஆனால் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, உள்பக்கம். அதில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. வளைந்தது. நிதானமாக, ஒரு விரல் அகலத்துக்கு.

“லுட்விக்!” வாசலில் ஹோராஸ் கூப்பிட்டான். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. “கொஞ்சம் வாப்பா. போலீஸ்காரங்க வந்திருக்காங்க. உன்னத்தான் கேக்கறாங்க.”

அவர் போகவில்லை. கையை எடுத்தால் திறந்துவிடும். முன்னால் சங்கிலி முடியும் இடம் தெரிந்தது. அதற்கப்பால் இருட்டு. பின்னால், அடுத்தடுத்து, வேறு கதவுகள் சாத்தும் சத்தம். ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

கண்ணாடியில் பாதி நிலா. அதோடு விரல் நின்றுவிட்டது.

அவர் கதவை விடவில்லை.