417-ஆம் கொக்கி

மனைவி ஷோல்பான் நீட்டிய போனில் இருந்த படத்தில் எல்லாக் கொக்கிகளிலும் டோக்கன் தொங்கியது. ஒன்றில் மட்டும் இல்லை.

தௌலெத் படத்தைப் பெரிதாக்கினான். மூடிய கரிச் சுரங்கத்திலிருந்து பெயர்த்து வந்து கரகண்டா நகரத்து அருங்காட்சியகத்தில் மாட்டிய இரும்புப் பலகை அது. பன்னிரண்டு வருஷம் அவன் தன் டோக்கனை மாட்டிய பலகை. காலிக் கொக்கியின் எண் 417. கூட வேலை பார்த்த ஜுமகலியின் எண். அவனுடைய கடைசி நாள் அந்தக் கொக்கியில் டோக்கனை மாட்டியது ஜுமகலி இல்லை. தௌலெத்.

"ஞாயித்துக்கிழமை ஏழரை பஸ்ல கரகண்டா. பத்து மணிக்கு மியூசியத்துல பழைய ஆயுதங்க, பதினொன்றரைக்கு அடித்தளத்துல செஞ்சு வச்ச சுரங்கம், அது முடிஞ்சதும் மாமூத் யானை எலும்புக்கூடு." ஷோல்பான் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"சுரங்கத்த விட்டுடலாம்."

"ஏன்? இவ வகுப்புல அப்பா வேல பாத்த இடத்தப் பத்திப் பேசணுமாம். இப்ப ரொட்டி வண்டி ஓட்டுறதப் பத்தியா பேசுவா?"

"பேசலாமே," என்றாள் ஒன்பது வயது மகள் அக்போதா. "ரொட்டியாவது திங்கலாம். கரிய யாரு திம்பா?"

வெள்ளிக்கிழமை. வாரா வாரம் செத்தவர்களை நினைத்துச் செய்வதுபோல ஷோல்பான் ஏழு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணெய் வாசனைக்கு அடியில் அவனுக்கு ஈரக் கரி நாறியது.

சுரங்கத்தில் இறங்கும்போது டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும், மேலே ஏறியதும் மாட்ட வேண்டும். பலகை நிறைந்திருந்தால் கீழே ஆள் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பும் நேரம், ஜுமகலி கீழேயே சுத்தியலைத் தேடிக்கொண்டு நின்றான். "நீ போ. என்னோடதையும் மாட்டிடு. பின்னாலயே வர்றேன்." எல்லாரும் செய்வதுதான். தௌலெத் இரண்டையும் மாட்டிவிட்டு பஸ் ஏறினான். கீழே சுரங்கக் கூரை இறங்கியது. பலகை நிறைந்திருந்ததால் யாரும் தேடவில்லை. மறுநாள் அவன் வீடு திரும்பவில்லை என்று தெரிந்து தோண்டியபோது, பிணத்துக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குழாய் முழுக்கச் சுத்தியல் தடம். ராத்திரி பூரா தட்டியிருக்கிறான். மாட்டியது யார் என்று கேட்டார்கள். தௌலெத் வாய் திறக்கவில்லை. ஷோல்பானிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு பதினொன்றரைக்கு, மாமூத் வரிசையில் இடம் பிடிக்க ஷோல்பான் மாடியிலேயே நின்றுகொண்டாள். அடித்தளச் சுரங்கத்தின் வாசலில், அந்தப் பலகைக்குக் கீழே, கம்பளிச் சட்டை போட்ட தடித்த அம்மாள் ஒருத்தி டோக்கன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு. வெளிய வந்ததும் மாட்டிடுங்க. ஆட்ட எண்ணுற மாதிரி எண்ணிட்டுத்தான் கதவச் சாத்துவேன்."

அக்போதாவின் கையில் 417. அவன் அதைப் பிடுங்கிக்கொண்டு தன் 302-ஐக் கொடுத்தான்.

"ரெண்டும் தகரந்தான் தம்பி," என்றாள் அந்த அம்மாள்.

உள்ளே பிளாஸ்டர் சுவர், கறுப்புப் பெயின்ட், ஒலிபெருக்கியில் கரிவண்டி உருளும் சத்தம், எல்லாம் பொம்மைக்கடைச் சாமான் போல இருக்க, பத்தடி நடந்ததும் பெயின்ட் வாசனை அறுந்துபோய், ஈரக் கரியும் கூரைக்கு முட்டுக்கொடுத்து ஊறிய மரமும் பல ஷிப்ட் வேர்வையும் கலந்த, அவன் மூக்குக்கு மட்டுமே பெயர் தெரிந்த காற்று முகத்தில் வந்து அப்பியது. அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ஒலிபெருக்கி சொன்னது, இனி ஒரு நிமிடம் சுரங்க இருட்டு.

விளக்கு அணைந்தது.

அக்போதாவின் கை அவன் கைக்குள் இருந்தது. சின்னக் கை. சூடாக.

எங்கோ தட்டினார்கள். மூன்று. நிறுத்தம். மூன்று.

"அப்பா, அது ரெக்கார்டா?"

"ரெக்கார்டுதான்."

கை நழுவியது. துழாவிப் பிடித்தான்.

பெரிய கை. காய்த்த கை. குளிர்ந்திருந்தது. நகங்கள் இல்லை.

உதறினான்.

வெளிச்சம் வந்தது. யாரும் இல்லை.

முன்னால் ஓடியிருப்பாள். அப்படித்தான். வாசலுக்கு ஓடினான். பலகையில் அக்போதாவின் 302 டோக்கன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் கரிய விரல் தடம், ஈரமாக.

"என் பொண்ணு எங்க?"

"வருவா. ஒருத்தர் இப்பத்தான் வெளிய போனார், மூஞ்சியெல்லாம் கரி. வேஷம் போட்டவர்னு நெனச்சேன். அவருதான் பாப்பாவோடத மாட்டினார். பாப்பா பின்னாலயே வர்றாள்னு சொன்னார்."

"அவ இன்னும் உள்ளதான் இருக்கா. அத மாட்டினது வேற ஆளு."

ஆறு வருஷம் தொண்டையில் கிடந்த வார்த்தை. இப்போது வந்தது.

அந்த அம்மாள் பலகையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "யாரு மாட்டினா என்ன தம்பி? பலக சொல்லுதே. உங்களோடது ஒண்ணுதான் பாக்கி."

கைக்குள் 417 உறுத்த, திரும்ப உள்ளே ஓடினான். இருபது எட்டு. சுரங்கம் முடிந்தது. பிளாஸ்டர் சுவர். வேறு வழி இல்லை. கதவு இல்லை. சந்து இல்லை.

"தௌலெத்," மாடிப்படியில் ஷோல்பானின் குரல். "ரெண்டு பேரும் வாங்க, வரிச நகருது."

சுவரில் காதை வைத்தான்.

மூன்று. நிறுத்தம். மூன்று. சின்னக் கை, வெறும் கை.

அதற்குப் பக்கத்திலேயே, பொறுமையாக, தட்டுவது எப்படி என்று காட்டிக்கொடுப்பதுபோல, ஒரு சுத்தியல்.