நடுவில் நிற்பது

நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. நல்ல வெயில். எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். பயப்பட ஒன்றுமே இல்லாத தெரு.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலையில் என் அண்ணனுக்கு அறுவை சிகிச்சை. இடது காது நரம்பில் ஒரு கட்டி. கட்டியை எடுத்தால் அந்தக் காதின் கேட்கும் திறனும் அதோடு போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கீழே நின்று வடம் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த மாடியில் கோளாறு என்று சொல்லிவிடுவான். வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே 'காது'தான்.

ரெண்டு காதும் இருக்கும்போதே ஒரு தடவை 'கதவு'களைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை.

கதவு என்பது ஒரு ஜோடி ஸ்பீக்கர். ஆளுயரத்துக்கு மேல் ஒல்லியாக நிற்பதால் இசைப் பைத்தியங்கள் வைத்த செல்லப்பெயர். உலகத்திலேயே பதினோரு ஜோடிதான் செய்தார்களாம். அதை வாங்குவது பற்றி யாரும் பேசுவதில்லை. நிலாவை வாங்குவது பற்றி யார் பேசுகிறார்கள்? கேட்டவர்கள் கேட்டதைச் சொல்வார்கள், கேட்காதவர்கள் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். அண்ணன் பதினைந்து வருடமாக வாயைப் பிளந்துகொண்டிருந்தான். நம் ஊரிலேயே ஒரு ஜோடி இருப்பது சில மாதம் முன்புதான் அவனுக்குத் தெரிந்தது. ஒலிப்பதிவாளர் ஒருவர் வைத்திருந்தார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவருடைய மனைவிக்கு அண்ணன் நான்கு கடிதம் எழுதினான். ஐந்தாவது கடிதத்தில் காது விஷயத்தையும் எழுதினான். வரச் சொல்லிவிட்டார்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் வண்டி ஓட்டக்கூடாது என்பதால் நான் ஓட்டிக்கொண்டு போனேன். மூலையில் உட்கார்ந்து படிக்கலாமென்று, பனி பெய்யும் ஏதோ ஊரைப் பற்றிய தடித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

வாசற்கதவைத் திறந்த அந்த அம்மா, ஒலிப்பதிவாளரின் மனைவி, சிறிய உருவம். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். எங்களைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப் போனார்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரெல்லாம் கனத்த திரை. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதற்கு எதிரே, மங்கலான விளக்கில், இரண்டு கதவுகள் கறுப்பாக நின்றன. சூடான தூசியும் பழைய கம்பளமும் கலந்த வாசனை. வாசலைத் தாண்டியதுமே காதில் பஞ்சு அடைத்ததுபோல் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேளுங்க தம்பி," என்றார் அந்த அம்மா. "ஸ்பீக்கரை மட்டும் நகர்த்த வேண்டாம். அவர் வெச்ச மாதிரியே இருக்கட்டும்."

தரையில் ஒவ்வொரு ஸ்பீக்கரைச் சுற்றியும் சாக்கட்டியால் கோடு போட்டிருந்தது. பல தடவை போட்டுப் போட்டுத் தடித்துப்போன கோடு.

அவர் காபி போடப் போனார். அண்ணன் தன்னுடைய இசைத்தட்டைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து வைத்தான். ஒரு பெண், ஒரு கிட்டார், வேறு எதுவும் கிடையாது. நான் குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அவன் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமான பாட்டு. ஊசி இறங்கியது. அண்ணன் கண்ணை மூடினான்.

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அழப்போகிற முகம்.

"என்ன அண்ணா?"

"நடுவுல ஓட்டை."

"என்ன ஓட்டை?"

"ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுலதான் பாட்டு பாடறவ நிக்கணும். காத்துல, ஆள் நிக்கிற மாதிரி. அதுக்குத்தான் இந்த ஜென்மமே. இங்க கிட்டார் அந்த ஓரம், குரல் இந்த ஓரம். நடுவுல ஒண்ணுமே இல்ல." எழுந்து போய்ப் பார்த்தான். "பாரு, ரெண்டையும் வெளிப்பக்கமா திருப்பி வெச்சிருக்காரு. பச்சைக் குழந்தைகூட இப்படி வைக்காது!"

"பெரிய ஒலிப்பதிவாளர்னு சொன்னே?"

"அதான் புரியலை."

"நகர்த்தக்கூடாதுன்னு சொன்னாங்க, அண்ணா."

"கேட்டுட்டு அப்படியே கோட்டுல திருப்பி வெச்சிடறேன். வியாழக்கிழமைக்கு அப்புறம் எனக்கு ஏதுடி நடு?"

நாவலை மூடிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவன் திருப்புவதும், நான் கேட்டுச் சொல்வதுமாக ஏற்பாடு. லிஃப்ட்டின் கனத்தோடு மல்லுக்கட்டிப் பழகியவன், இடுப்பால் ஒரு முட்டுக் கொடுத்தான். அடியில் கம்பளித் துண்டு ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கர் முனகாமல் திரும்பியது.

"இப்போ எங்க நிக்கிறா?"

"இன்னும் வலது பக்கம்."

"இப்போ?"

"கொஞ்சம் நடுவுக்கு வர்றா."

இன்னொரு முட்டு. எனக்குப் புல்லரித்தது. அவள் வந்து நின்றாள். வெறும் காற்றில், திரைக்கு முன்னால், என்னைவிடக் கொஞ்சம் உயரத்தில் ஒரு வாய் பாடியது. உதடு ஒட்டிப் பிரிவதுகூடக் கேட்டது. அண்ணன் பதினைந்து வருடம் எதற்கு ஏங்கினான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"வந்துட்டா அண்ணா! நட்டநடுவுல!"

"தெளிவா? இன்னும் ஒரு விரல் திருப்பறேன். இப்போ?"

"தெளிவா... அண்ணா, கூட யாரு?"

"கூடவா?"

"அவளுக்கு முன்னாடி. மூச்சு விடற சத்தம்."

"பாடறவ மூச்சு அது. நல்ல செட்டுல அதெல்லாம் கேட்கும்."

"அவ பாடிட்டிருக்கும்போதே மூச்சு விடறாங்க."

அண்ணன் நிமிர்ந்தான். முகத்தில் பயமே இல்லை, ஆவல்தான். "ரெக்கார்டிங்ல இருந்த வேற யாராவது இருக்கும். இத்தனை வருஷம் எனக்குக் கேட்கலையே! இரு, இன்னும் ஒரு விரல்."

திருப்பினான்.

மூச்சு ஓரடி முன்னால் வந்தது.

நான் எழுந்துவிட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். சற்று நேரம் கேட்டான். சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது, எடுத்துப் போட மறந்த பொருள்போல. பாட்டு முடிந்தது. ஊசி தானாகத் தூக்கிக்கொண்டது.

மூச்சு நிற்கவில்லை.

மெதுவான மூச்சு. உள்ளே இழுக்கும்போது லேசான ஈர ஒலி. வெளியே விடும்போது ஒன்றுமில்லை.

"ஆஃப் பண்ணு," என்றான் அண்ணன், உதடு அசையாமல்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். சிவப்பு விளக்கு போனது. சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கினேன். ஒரு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். அசைவில்லை.

மூச்சு கேட்டது.

"அண்ணா, எழுந்து வா."

"நீ நடுவுல வராதே," என்று கிசுகிசுத்தான். "சுத்திக்கிட்டு வா. ரொம்பக் கிட்ட நிக்குது."

சுவரோடு ஒட்டிப் போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அப்போதுதான் அந்த அம்மா காபித் தட்டோடு உள்ளே வந்தார். முதலில் தரையைப் பார்த்தார். கோடு ஓரிடத்தில், ஸ்பீக்கர் ஓரிடத்தில்.

கத்துவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"நாற்காலியில யாரு உட்கார்ந்தது?"

"ரெண்டு பேரும்," என்றேன்.

"கடைசியா?"

அண்ணன் கையைத் தூக்கினான், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்போல.

அந்த அம்மா தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு ஸ்பீக்கரை வெளிப்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தார். நாங்களும் ஓடிப்போய்த் தள்ளினோம். மூச்சு இரண்டாகக் கிழிந்து, ஓரங்களில் தேய்ந்து, அடங்கியது. அவர் கோட்டின் மேல் கன்னத்தை வைத்துக் குனிந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"மூணு வருஷம் பாடுபட்டு அவர் கண்டுபிடிச்ச கோணம் தம்பி இது. இப்படி வெச்சாத்தான் அதுக்கு நிக்க இடமில்லை."

"எதுக்கும்மா?"

அவர் இசைத்தட்டை எடுத்து அண்ணன் கையில் திணித்தார். வாசல்வரை வந்து ஒன்று மட்டும் கேட்டார்.

"எந்தக் காது போகப்போகுதுன்னு எழுதியிருந்தீங்க?"

"இடது."

"ரெண்டும் இருந்தாத்தான் நடு. ஒண்ணு போயிட்டா ஒருவேளை..." என்று இழுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளைக் கடத்தினோம். அது கூடவே வந்துவிட்டதோ என்று அண்ணன் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாகக் கிளம்பியது அவன்தான். காதைக் கொடுக்க அவ்வளவு அவசரப்பட்ட நோயாளியைப் பார்த்ததில்லை என்று நர்ஸ் கிண்டல் செய்தார்.

சிகிச்சை நன்றாக முடிந்தது. இடது காது போனது.

மூன்று வாரத்தில் அண்ணன் வீட்டுக்குள் நடமாடத் தொடங்கினான். ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. போன் அடித்தால் சமையலறையில் தேடுவான். அது அவன் சட்டைப் பையிலேயே இருக்கும். நான் மாடியிலிருந்து கூப்பிட்டால் வாசலைத் திறந்து பார்ப்பான். "காதுன்னு யார்டா உனக்குப் பேர் வெச்சது?" என்று நண்பர்கள் ஓட்டினார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துதான் எனக்கு மூச்சே வந்தது.

நேற்று மதியம் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். வெளியே வெயில். அண்ணன் தட்டில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தான்.

"என்ன, உப்பு இல்லையா?"

"எல்லாச் சத்தமும் எங்கிருந்து வருதுன்னே தெரியலை," என்றான். "ஒண்ணைத் தவிர."

"எங்கிருந்து?"

விரலை எடுத்து நேராக என்னைக் காட்டினான்.

"அது நான் மூச்சு விடற சத்தம், அண்ணா."

"நானும் அப்படித்தான் இத்தனை நாளா நெனச்சேன். கொஞ்சம் அடக்கு, பார்ப்போம்."

மூச்சை அடக்கினேன். வாயை மூடி, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இருபதுவரை எண்ணினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு சத்தம் எழாமல், தன் நாற்காலியை என்னிடமிருந்து ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டான்.