மிச்சம் ஒரு கிலோ

நிலவின் தென்முனைக் குடியிருப்பில் காலைச் சங்கு ஊதியதும் எல்லாரும் முதலில் பார்ப்பது சாப்பாட்டுக்கூடத்துச் சுவர்ப்பலகையைத்தான். ஊர் திரும்பக் காத்திருப்பவர்களின் பெயரும் அன்றைய நிறையும் அதில் ஒளிரும். அடுத்தவர் உடம்பு எத்தனை கிலோ என்று தெரிந்துகொள்வதில் அங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது. பூங்காவனத்தின் பெயருக்கு எதிரே மூன்று மாதமாக அறுபத்திரண்டு என்றே இருந்தது.

பூமிக்குப் போகும் பயணிகள் ஓடத்தில் ஆளுக்கு அறுபது கிலோதான். உடம்பு, உடுப்பு, பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அளப்பதற்கு நிறையாசனம் என்று ஓர் ஆடும் நாற்காலி உண்டு. நிலவில் எந்தப் பொருளும் கைக்கு ஆறில் ஒரு பங்குதான் கனக்கும். ஓடத்தின் எரிபொருளிடம் அந்தக் கணக்கு செல்லாது.

பூங்காவனம் காற்றுக்குழாய் பழுதுபார்ப்பவள். குடியாத்தத்தில் அக்காவிடம் விட்டுவந்த மகள் குயிலிக்கு அப்போது ஆறு வயது, இப்போது பதினேழு. இந்த ஓடத்தை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. அதற்குள் பூங்காவனத்தின் எலும்புகள் பூமியின் இழுப்பைத் தாங்க முடியாதபடி தேய்ந்துவிடும் என்று டாக்டர் ஜெசிந்தா ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். பிறகு மகளைத் தொட்டுப் பார்ப்பது இந்த ஜன்மத்தில் நடக்காது.

எண்பதிலிருந்து மளமளவென்று இறங்கிய உடம்பு, கடைசி இரண்டு கிலோவில் வந்து சண்டித்தனம் செய்தது. கஞ்சியைப் பாதியாக்கினாள், அந்தப் பாதியையும் பாதியாக்கினாள். யார் வீட்டில் எதை நீட்டினாலும் வேண்டாம் என்றாள். முள் அசையவில்லை. ஒருநாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள்.

"பட்டினி போட்டா உடம்பு உஷாராயிடும், பூங்காவனம். கஞ்சனாட்டம் எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கும். கொஞ்ச நாள் வயிறார சாப்பிடு, நல்லா தூங்கு. சுழல்கூடத்துல எடை தூக்கு. அப்புறம் குறைக்கலாம்," என்றார் டாக்டர்.

அரைமனதோடுதான் செய்தாள். ஒவ்வொரு கவளத்தையும் பயந்து பயந்து விழுங்கினாள். முதலில் முள் மேலே போனபோது அழுதாள். பிறகு, கல் நகர்ந்த மாதிரி, உடம்பு மெல்ல வழிக்கு வந்தது. புறப்பாட்டுக்கு முந்தின நாள் பையோடு சேர்த்து ஐம்பத்தொன்பது. சாப்பாட்டுக்கூடமே கைதட்டியது.

அன்று மாலையே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சரக்கு ஓடத்தில் தாதுவைத் தவிர வேறெதையும் ஏற்றமாட்டார்கள். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவது ஒன்றே வழி. அவளிடம் ஒரு கிலோ மிச்சமிருப்பது பலகை பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். பக்கத்து அறைத் தவமணி தன் அம்மாவுக்கு தொட்டியில் வளர்த்த பாசியின் பொடி ஒரு டப்பா கொண்டுவந்தாள்.

"கையில வாங்கிப் பாருக்கா, காத்தாட்டம் இருக்கு."

அப்படித்தான் இருந்தது. ருக்மாங்கதன் பேரனுக்கென்று ஒரு கல்லைக் கொடுத்தார். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். ஒரு வருடமாகச் சோற்றை மறுத்துப் பழகியவளுக்கு இதை மறுக்க வாய் வரவில்லை.

மறுநாள் ஓடத்து வாசலில் நிறையாசனம் அறுபத்தொன்றரை காட்டியது. பூங்காவனம் தன் மாற்றுடைகளை எடுத்து வெளியே வைத்தாள். போர்வையை வைத்தாள், செருப்பைக் கழற்றினாள். அப்போதும் அரைக் கிலோ கூடுதல். பையில் இருந்தவை பிறர் பொட்டலங்கள்தான். கொடுத்தவர்கள் எல்லாரும் கண்ணாடிக்கு அப்பால் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றை விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். பதினோரு வருடம் ஒரே காற்றைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் கண்ணெதிரே யாருடையதை ஒதுக்குவது? தவமணியின் டப்பாவை எடுத்தாள், திரும்ப வைத்தாள். ருக்மாங்கதனின் கல்லை எடுத்தாள், அதையும் வைத்தாள். நேரம் முடியப்போகிறது என்று வாசல் காவலர் இரண்டுமுறை எச்சரித்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவள் ஒரு பொட்டலத்தைக் கீழே வைத்தபோது, அவள் முறை முடிந்து ஒலிபெருக்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டது.

காத்திருப்போரில் மிஞ்சியிருந்தவன் எழிலரசு மட்டும்தான். ஒல்லியான ஆள், நிறையாசனத்தில் ஐம்பத்தேழரை. தவமணி உள்ளே ஓடிவந்து பூங்காவனத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையாகவே அழுதாள். அழுதுகொண்டே டப்பாவை எடுத்து அவனிடம் கொடுத்தாள். மற்றவர்களும் கொடுத்தார்கள். முள் சரியாக அறுபதில் வந்து நின்றது.

பூங்காவனம் முள்ளைப் பார்க்கவில்லை. தன்னுடையதில் ஒதுக்காமல் விட்டிருந்தது ஒன்றே ஒன்று: நிலவு மண்ணை உருக்கி வார்த்த நான்கு வளையல்கள். இடுப்பிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"குயிலின்னு பேரு, தம்பி. அவளே வந்து வாங்கிக்குவா."

அவனாலும் மறுக்க முடியவில்லை. முள் சிவப்புக்குத் தாவியது. எதை எடுப்பது என்று அவன் யோசிப்பதற்குள் ஓடத்தின் கதவு மூடிக்கொண்டது.

ஓடம் சத்தமில்லாமல் எழும்பியது. பூங்காவனம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த தவமணி, ஆற்றாமையோடு சொன்னாள்:

"ஒரு சீட்டு காலியாவே போகுதே. அதுல எவ்வளவு சாமான் குடுத்து விட்டிருக்கலாம்."