ஆறாம் நம்பருக்கு அடியில்

எழுபத்தோரு மணி நேரம் இருபது நிமிடமாக ஆறாம் நம்பர் மிஷினுக்கு அடியில் பஞ்சு சேரவில்லை. சனிக்கிழமை நாலு பத்துக்கு அந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அதன் பிறகு யாரும் அங்கே துடைப்பம் வைக்கவில்லை. இன்று செவ்வாய், மணி மூன்றரை. தரை இன்னும் அப்படியே பளிச்சென்று இருந்தது.

நூற்பு மிஷின் என்றால் பஞ்சு உதிர்க்கும். நூலாகத் திரிந்தது போக மிச்சம் கீழே விழுந்து, எண்ணெயும் தூசும் சேர்ந்து, எட்டு மணி நேரத்தில் நாலு விரல் உயரத்துக்குப் படிந்துவிடும். மிஷினை நிறுத்திவிட்டு, முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த இடைவெளியில் யாராவது கைத்துடைப்பத்தோடு நுழைந்து மறுமுனை வரை தவழ வேண்டும். வளர்ந்தவர்களுக்குத் தோள் இடிக்கும். தோள் இடிக்காதவர்கள் இந்த மில்லில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சனிக்கிழமை அதிகாரிகள் சோதனைக்கு வந்து போனதிலிருந்து பதினோரு பேர் விடுதி மாடியில் ஒரே அறையில் ஒளிந்து கிடக்கிறார்கள். அதனால் ஐந்தாம் நம்பருக்கு அடியில் பஞ்சு மெத்தை மாதிரிக் கிடந்தது. ஏழுக்கு அடியிலும். நடுவில் ஆறு மட்டும் சுத்தம்.

பன்னிரண்டாவது ஆள் சுண்டு; ஆறாம் நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றவளின் அக்கா மகள். சனிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளை வந்து சேரவில்லை என்று அக்கா நேற்று போன் செய்தாள். இன்று நாலு மணிக்கு நேரில் வருகிறாள்.

"என்னம்மா, பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி மிஷினையே பார்த்துக்கிட்டு நிக்குற?"

மேஸ்திரி பின்னால் வந்து நின்றிருந்தார். அவள் இந்த மில்லின் சோதனைக்கூடத்தில் நூல் அளப்பவள். யார் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் கீழே பார்ப்பாள்.

"அண்ணா, அடியில யாரு கூட்டுறா?"

"யாரும் கூட்டல. நல்ல மிஷின் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?" சிரித்தார். ஆனால் அவரும் ஆறாம் நம்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார். "அது கிடக்கட்டும். அக்கா வந்தா என்ன சொல்லணும்?"

"பையைத் தூக்கிக்கிட்டு சனிக்கிழமையே கிளம்பிட்டா."

"அழாம சொல்லணும். அழுதா கேள்வி வரும். கேள்வி வந்தா எனக்கு மட்டும் இல்லம்மா, உனக்கும்தான். பதினொரு வயசுப் பிள்ளையை பதினாறுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு கூட்டிட்டு வந்தது யாரு?"

அவள் தலையாட்டினாள்.

சோதனைக்கூடத்துக்குத் திரும்பி, ஆறாம் நம்பர் நூலைக் கருவியில் கோர்த்தாள். நூலின் தடிமனை அது கோடாக வரையும். மிஷினில் ஏதாவது உருளை தேய்ந்திருந்தால், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கோடு துள்ளும். அந்தத் தூரத்தை வைத்து எந்த உருளை என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை உண்டு.

கோடு எட்டு மீட்டருக்கு ஒருமுறை துள்ளியது. மிஷின் நிமிடத்துக்குப் பதினாறு மீட்டர் நூல் விடும். எட்டு மீட்டர் என்றால் அரை நிமிடம். அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிற பாகம் எதுவும் அதில் கிடையாது. மறுபடி அளந்தாள். எட்டு. வேறு நூற்கண்டு எடுத்து அளந்தாள். எட்டு.

பக்கத்தில் யாராவது கூட்டினால் தூசு எழும்பி நூலில் ஒட்டும். அப்போதும் கோடு இப்படித் துள்ளும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூட்டிப்போக மற்ற பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் ஆகும். சுண்டுவுக்கு அரை நிமிடம்.

மேசையில் அவளுடைய பழைய வரலாற்றுப் புத்தகம் இருந்தது. டீ நேரத்தில் சுண்டு இங்கே வந்து அதைப் புரட்டுவாள். இருநூறு வருடத்துக்கு முந்தைய மில் ஒன்றின் படம் அதில் உண்டு. மிஷினுக்கு அடியில் ஒரு சிறுமி குப்புறக் கிடப்பாள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"சித்தி, இவளும் அடியில கூட்டுறவளா?"

"அது ரொம்பப் பழைய காலம்டி."

"மிஷினை நிறுத்திட்டா உள்ள போவா?"

"இல்ல. ஓடும்போதே போகணும்."

சுண்டு கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். "அப்ப நமக்குப் பரவாயில்ல சித்தி. நமக்கு நிறுத்துறாங்க."

படத்துக்குக் கீழே உள்ள கேள்விக்கு, 'இக்கொடுமை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது' என்று எழுதி, படிக்கிற காலத்தில் அவள் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தாள். அதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தைவிட நாம் மேல் என்று அன்று அவளுக்கும் தோன்றியது.

உண்மைதான், இங்கே நிறுத்துவார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே அடையாளம் செருப்பு. பிள்ளைகள் செருப்பை மிஷினின் தலைமாட்டில் கழற்றிப் போட்டுவிட்டு நுழைவார்கள். செருப்பு கிடக்கும்வரை மெக்கானிக் சுவிட்சைத் தொடமாட்டார். இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது; பிள்ளைகள் காதில் வேறு பஞ்சை அடைத்திருப்பார்கள். சனிக்கிழமை மூணு நாற்பதுக்கு, அதிகாரிகள் படியேறிக்கொண்டிருந்தபோது, ஆறாம் நம்பரின் தலைமாட்டில் செருப்பு இல்லை. இரண்டு தடவை பார்த்ததாக மெக்கானிக் எல்லோரிடமும் சொன்னார். பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். அடுத்த நாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

அதற்கு மேல் அவள் நினைப்பதில்லை. நினைப்பு அங்கே வந்ததும் வேறு பக்கம் திரும்பிவிடும்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. அவள் எழுந்து மிஷின் கூடத்துக்குப் போனாள். ஜன்னல் இல்லாத கூடத்தில் பகலும் ட்யூப்லைட் வெளிச்சம்தான். நூல் சுற்றும் ஆயிரம் கதிர்கள் சேர்ந்து இரைகிற சத்தம் பல்லுக்குள் இறங்கி அதிர, மேலிருந்து தெளித்த ஈரப் புகையில் சூடான எண்ணெயும் பஞ்சும் கலந்து நாற, வரிசை வரிசையாகப் பெண்கள் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார்கள். ஆறாம் நம்பரிடம் வந்ததும் ஒவ்வொருத்தியும் கொஞ்சம் வேகமாக நடந்தாள்.

அவள் தரையில் மண்டியிட்டாள். கன்னத்தைச் சிமெண்டில் வைத்தாள். குளிர்ந்தது.

இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம். சரக். சரக். சரக். அவளிடமிருந்து விலகிப் போனது. மறுமுனையில் நின்றது. திரும்பியது.

சரக். சரக்.

மணிக்கட்டைப் பார்த்தாள். முப்பது விநாடி.

உள்ளே இருட்டு. பட்டை ஓடுகிற பளபளப்பு. அதற்கும் கீழே, தரையோடு தரையாக, வெள்ளையாக ஏதோ. பஞ்சுக் குவியல். குவியல் இருமியது.

"நில்லுங்கம்மா, உள்ள விட மாட்டாங்க, சொன்னா கேளுங்க." காவலாளி கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவருக்கு முன்னால் அக்கா. தோளில் பை. முகமெல்லாம் வியர்வை.

"எங்கடி அவ?"

"அவ... பையைத் தூக்கிக்கிட்டு..."

"பொய் சொல்லாத. சின்ன வயசுலருந்தே உனக்குப் பொய் வராது. கீழ பார்த்துக்கிட்டே பேசுற பாரு."

அக்கா சட்டென்று நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். அத்தனை இரைச்சலிலும் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. இருமல். பத்து மாதம் சுமந்தவளுக்குத் தெரியாத இருமலா.

"இங்கதானே இருக்கா," என்றாள். குரல் இளகிவிட்டது. "ஒளிஞ்சுக்கிட்டு விளையாடுறாளா? இரு, வரேன்."

பையைக் கீழே போட்டாள். முட்டி போட்டாள்.

"அக்கா, வேண்டாம்."

"வாடி கண்ணு. அம்மா வந்திருக்கேன்ல. இந்த வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போலாம், வா."

அக்கா வலது கையை உள்ளே நீட்டினாள். பட்டைக்கு அடியில். முழங்கை வரை. பிறகு தோள் வரை.

மேஸ்திரி எங்கிருந்தோ ஓடிவந்து சிவப்பு பட்டனை அடித்தார். மறுபடி அடித்தார். மிஷின் நிற்கவில்லை.

சரக். சரக்.

கிட்டே.

நின்றது.

வெள்ளையாக ஒரு சின்னக் கை, தோல் தெரியாமல் பஞ்சு சுற்றிய கை, அக்காவின் விரல்களைத் தடவியது. ஒவ்வொன்றாக. பிறகு மணிக்கட்டைப் பிடித்தது. உள்ளே இழுத்தது, மெதுவாக, விளையாட்டுக்கு இழுக்கிற மாதிரி.

அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பிடிச்சுட்டா," என்றாள்.

அவள் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். வரவில்லை. இன்னும் ஒரு விரல் அளவு உள்ளே போனது. அக்காவின் கன்னம் இரும்பைத் தொட்டது. அப்போதும் சிரிப்பு மாறவில்லை.

"அக்கா, கையை விடு. அது அவ இல்ல. அவ சனிக்கிழமையே செத்துட்டா. ஆபீசருங்க கண்ணுல படக் கூடாதுன்னு சின்னச் செருப்பையெல்லாம் சாக்குல அள்ளிப் போட்டது நான்தான்க்கா. அவ செருப்பையும் நான்தான் எடுத்தேன்."